அர்ஜுன் ஏன் இவ்வளவு எடை? ஆவடியில் ஒரு டேங்க் வளர்ந்த கதை

போன மாசம் ஒரு சாயங்காலம், கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தது. முதலியார்பேட்டைக்காரங்களுக்கு இது தினசரி தியானம். ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் மில், இன்னொரு பக்கம் ஹாரன் அடிக்கிற பைக்குகள், நடுவில் நாம். என் வண்டிக்குப் பக்கத்தில் தாழ்வான ட்ரெய்லர் லாரி ஒன்று நின்றது. அதன் மேல் 20 டன் வகை எக்ஸ்கவேட்டர். டிரைவர் அண்ணன் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது எவ்ளோ வெயிட்டு இருக்கும்?"னு கேட்டேன்.

"வெயிட்டு இன்னான்னு கேட்டா போதாது தம்பி. எந்தப் பாலம் தாங்கும், எந்தத் தெருவுல திரும்பும், எந்த மேட்டுல ஏறும்னு கேக்கணும். வண்டிக்காரனுக்கு அதான் கணக்கு"ன்னார்.

கேட் திறந்தது, அவர் போய்விட்டார். அந்த நேரத்தில் எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் வண்டி கிட்டத்தட்ட 60 கிலோ அதிக எடையில் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்தது. அதனால் அவர் சொன்னது எனக்கு நல்லாவே உறைத்தது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. பாடப் பொருள்: நமக்கு 170 கிலோமீட்டர் பக்கத்தில், ஆவடியில் உருவான அர்ஜுன் டேங்க். பேப்பரில் பீரங்கி வண்டி, டாங்கின்னெல்லாம் போடுவாங்க. நாம டேங்க்னே சொல்லுவோம். மாடியில இருக்கிற தண்ணி டேங்க் இல்லை.

அர்ஜுனைப் பற்றிப் பேசினால் நம்ம ஹாஸ்டலில் இரண்டே கட்சி. "உலகத்துலயே பெஸ்ட்"னு ஒண்ணு, "முப்பது வருஷம் வேஸ்ட்"னு இன்னொண்ணு. இரண்டு கட்சியும் எடைக் கணக்கைப் பார்த்ததில்லை. நாம பார்ப்போம்.

முதலில் அடிப்படை

டேங்க் டிசைனில் மூன்று விஷயங்கள் எப்பவும் சண்டை போடும். சுடும் திறன், பாதுகாப்பு, நகரும் திறன். பெரிய துப்பாக்கி வேண்டும் என்றால் அதைத் தாங்கப் பெரிய கோபுரம் வேண்டும். இந்தச் சுழலும் கோபுரத்துக்கு டரட் என்று பெயர். கீழே உள்ள உடம்பு ஹல். கவசம் தடிமனாக வேண்டும் என்றால் எடை ஏறும். எடை ஏறினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறையக்கூடாது என்றால் பெரிய எஞ்சின். பெரிய எஞ்சினுக்குப் பெரிய அறை. அந்த அறையைச் சுற்றி மறுபடியும் கவசம். இப்போது முதல் வரிக்கே திரும்பி வந்துவிட்டோம், சில டன் கூடுதலாக.

இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் அர்ஜுன் இல்லை. நம்ம கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவகம் இருக்கிறதே, முதல் உலகப் போரில் இறந்த இங்கத்திய வீரர்களுக்காக வைத்தது. அதே போர் நடக்கும்போதுதான் பிரான்ஸ், எதிரியின் பதுங்குகுழி வரிசையை உடைக்க ஒரு ராட்சத டேங்க் வேண்டும் என்று முடிவு செய்தது. பெயர் ஷார் 2சி. எடை 69 டன், உள்ளே 12 பேர். அது தயாராகி வந்தது 1921-இல், போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து. செய்தது மொத்தம் பத்து. 1940-இல் அடுத்த போர் வந்தது. அவற்றைச் சண்டைக்கு அனுப்பாமல் ரயிலில் ஏற்றி எதிரியிடம் சிக்காத இடத்துக்கு நகர்த்தப் பார்த்தார்கள். வழியில் தண்டவாளம் அடைபட்டு நின்றது. கடைசியில் சொந்த ஆட்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 69 டன் டேங்கைத் தோற்கடித்தது எதிரியின் குண்டு இல்லை, முன்னாடி நின்ற ரயில்.

ஜெர்மனிக்காரர்கள் அடுத்த போரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மௌஸ் என்ற டேங்க், எடை 188 டன். மௌஸ் என்றால் சுண்டெலி! பெரும்பாலான பாலங்கள் தாங்காது என்பதால் ஆற்றுப் படுகையிலேயே மூழ்கி நடந்து போகும்படி திட்டம் போட்டார்கள். மூழ்கிப் போகும் வண்டிக்குக் கரையில் நிற்கிற இன்னொரு மௌஸ் கேபிள் வழியாக மின்சாரம் தர வேண்டும். இரண்டே முன்மாதிரிகளோடு கதை முடிந்தது.

ஆவடிக்கு வருவோம்

ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது 1965-இல். டிசைன் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. எடை சுமார் 39 டன், துப்பாக்கி 105 மில்லிமீட்டர், எஞ்சின் 535 எச்.பி.

அதற்கு அடுத்த தலைமுறை டேங்க் நாமே டிசைன் பண்ணியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1972-இல் ராணுவம் தன் தேவைகளை எழுதிக் கொடுத்தது. 1974 மே மாதம் அரசு ஒப்புதல் தந்து 15.50 கோடி ரூபாய் ஒதுக்கியது. பொறுப்பு டி.ஆர்.டி.ஓ.வுக்கு, குறிப்பாக ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்துக்கு, அதாவது சி.வி.ஆர்.டி.இ.க்கு.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் மனசில் இருந்தது 40 டன் வகை டேங்க், 105 மி.மீ. துப்பாக்கி. கடைசியில் வந்தது 58.5 டன், 120 மி.மீ. நடுவில் என்ன நடந்தது?

உலகம் மாறியது. 1973 அரபு-இஸ்ரேல் போரில் ஒரு காலாட்படை வீரர் தோளில் சுமந்து போகிற ஏவுகணையே டேங்கை உடைக்க முடியும் என்று எல்லாரும் பார்த்தார்கள். 1979-இல் ஜெர்மனியின் லெப்பர்ட் 2, 1980-இல் அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் படையில் சேர்ந்தன. இரண்டுமே 50 டன்னைத் தாண்டியவை, அடுக்குக் கவசம் கொண்டவை. 1972-இல் எழுதின தேவைப் பட்டியல் பழசாகிவிட்டது. 1980களில் அது திருத்தப்பட்டது. 105 போய் 120 வந்தது. கவசம் கூடியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தின் பில்லும் டன் கணக்கில்தான் வந்தது.

எடை எங்கிருந்து வருது?

ஒரு சின்ன கணக்கு. எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். ஒரு சதுர மீட்டர் பரப்பை 10 சென்டிமீட்டர் தடிமனில் மூடினால்:

1 × 0.1 × 7.85 = 0.785 டன்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், நம்ம ஹாஸ்டல் ஜன்னல் அளவுதான். அதை மூடவே 785 கிலோ. அப்படியானால் டேங்கின் எடையைத் தீர்மானிப்பது வெறும் தடிமன் இல்லை. மூட வேண்டிய பரப்பளவு. பரப்பளவைத் தீர்மானிப்பது உள்ளே எவ்வளவு இடம் வேண்டும் என்பது.

அர்ஜுனில் நாலு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். குண்டைக் கையால் எடுத்து நிரப்ப லோடர் ஒருத்தர் நிற்க இடம் வேண்டும். இதே ஆவடியில் ரஷ்ய உரிமத்தோடு செய்த டி-72-இல் மூன்றே பேர்; குண்டு நிரப்புவது இயந்திரம். ஒரு ஆள் குறைந்ததால் டரட் குள்ளமாச்சு, கவசப் பரப்பு குறைஞ்சது, எடை 41.5 டன்னில் நின்றது. ஆனால் அதற்கும் விலை உண்டு. டி-72-இல் குண்டுகள் ஆட்களின் காலுக்குக் கீழேயே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கவசம் துளைபட்டுத் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று பல போர்களில் உலகம் பார்த்துவிட்டது. எடையைக் குறைத்தது எங்கே என்று கேட்டால், பதில் சில சமயம் ஆட்களின் பாதுகாப்பில் என்று வரும்.

அர்ஜுனின் கவசத்துக்குப் பெயர் காஞ்சன். ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கியது. எஃகுத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருட்களை அடுக்கின சாண்ட்விச் மாதிரி. சரியான செய்முறை ரகசியம். வெறும் எஃகை விட அதே எடைக்கு அதிகப் பாதுகாப்பு தரும் என்பதுதான் இந்த மாதிரிக் கவசங்களின் தத்துவம்.

இப்போது சங்கிலித் தொடரைப் பாருங்கள். கவசத்தில் ஒரு டன் கூட்டினால் அந்த ஒரு டன்னோடு முடியாது. அதைத் தாங்க சஸ்பென்ஷன், டிராக், எஞ்சின், டீசல் எல்லாம் கொஞ்சம் கூடணும். ஒரு டன்னுக்கு இப்படி 0.4 டன் கூடுகிறது என்று வச்சுக்குவோம். இது பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண், அர்ஜுனின் எண் இல்லை. அந்த 0.4 டன்னைத் தாங்க 0.16 டன். அதைத் தாங்க 0.064. முதல் வருஷ கணக்குப் பாடத்தில் படித்த பெருக்குத் தொடர்தான்:

1 + 0.4 + 0.16 + 0.064 + … = 1 ÷ (1 − 0.4) = 1.67 டன்

கேட்டது ஒரு டன், ஏறினது 1.67 டன். முதல் வருஷத்தில் "இந்த சீரிஸ் எல்லாம் எங்க யூஸ் ஆகும்?"னு கேட்டவர்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

எடை ஒண்ணு, கேள்வி நாலு

கேட்டில் பார்த்த டிரைவர் அண்ணனின் முறைப்படி இப்போ கேட்போம்.

*முதல் கேள்வி, எஞ்சினுடையது: ஒரு டன்னை இழுக்க எத்தனை எச்.பி. இருக்கு?*

மௌஸ்: 1200 ÷ 188 = 6.4
ஷார் 2சி: 500 ÷ 69 = 7.2
விஜயந்தா: 535 ÷ 39 = 13.7
டி-72: 780 ÷ 41.5 = 18.8
அர்ஜுன்: 1400 ÷ 58.5 = 23.9

இந்தப் பட்டியலில் எடை கூடின டேங்க் எல்லாம் மந்தம் என்று சொல்ல முடியாது. 58.5 டன் அர்ஜுன்தான் இதில் சுறுசுறுப்பு. சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் அந்த 1400 எச்.பி. எங்கே இருந்து வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. முதலில் 1500 எச்.பி. எஞ்சினை உள்நாட்டிலேயே செய்ய முயன்றார்கள். அது இலக்கை எட்டவில்லை. ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவன எஞ்சினும், ரென்க் நிறுவன கியர்பாக்ஸும் வந்தன. கூடின எடையை இழுக்கிற எஞ்சின் நம்மிடம் இல்லாததால், எடை நேரடியாக இறக்குமதியாக மாறியது.

*இரண்டாவது கேள்வி, மணலுடையது: என் மேல் எவ்வளவு அழுத்தம்?*

ராஜஸ்தான் மணல் மொத்த எடையைக் கேட்காது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்றுதான் கேட்கும். அர்ஜுனின் தரையழுத்தம் சுமார் 0.84 கிலோ. திருப்பிப் போட்டால்:

58,500 ÷ 0.84 = சுமார் 69,600 சதுர செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 7 சதுர மீட்டர்

இரண்டு டிராக்கும் சேர்ந்து 7 சதுர மீட்டர் தரையில் படுத்திருக்கிறது. நம்ம ஊர் காரின் டயரில் காற்று 32 பி.எஸ்.ஐ. பிடிப்போம் இல்லையா, அது சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் தோராயமாக அந்த அளவுதான். ஆக, 58.5 டன் டேங்க் மணலை அழுத்துவது ஒரு காரின் டயரை விடக் குறைவு! கடற்கரை மணலில் காரைச் சிக்க வைத்துத் தள்ளின அனுபவம் இருக்கிறவர்களுக்கு இது புரியும்.

*மூன்றாவது கேள்வி, பாலத்துடையது: மொத்தம் எவ்வளவு?*

பாலத்திடம் போய் "என் தரையழுத்தம் 0.84தான்"னு சொன்னால் அது கேட்காது. தூணுக்கும் உத்தரத்துக்கும் மொத்தச் சுமைதான் கணக்கு. பஞ்சாப் எல்லைப் பக்கம் கால்வாயும் பாலமும் ஏராளம். அர்ஜுனைப் பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான். அர்ஜுன் பக்கம் பேசியவர்கள் தரையழுத்தத்தைக் காட்டினார்கள், எதிர்ப்பக்கம் பாலத்தைக் காட்டினார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஆனால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

*நாலாவது கேள்வி, ரயிலுடையது: எவ்வளவு அகலம்?*

டேங்கைச் சங்கிலியில் ஓட்டியே ஆவடியிலிருந்து ராஜஸ்தான் போக முடியாது. ரயிலில்தான் போகணும். அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர். நம்ம அகல ரயில்பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர். கழித்து இரண்டால் வகுத்தால், ஒவ்வொரு பக்கமும் 1.09 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏ.எஃப்.டி. கேட்டில் நிற்கிறபோது கற்பனை பண்ணிப் பாருங்கள். வழக்கமான வேகன் போதாமல் இதற்கென்று தனி வேகன்கள் செய்ய வேண்டியிருந்தது. டிராயிங் போர்டில் அகலம் கூட்டுவது ஒரு கோடு. அதன் விளைவு ரயில்வே வரை போகிறது.

எக்ஸ் என்றால் பரிசோதனை

எடைப் பிரச்சினைக்கு ஆவடியிலேயே ஒரு சுவாரஸ்யமான பரிசோதனை நடந்தது. 2000களின் தொடக்கத்தில் சி.வி.ஆர்.டி.இ. செய்த டேங்க்-எக்ஸ். டி-72-இன் ஹல்லை எடுத்து அதன் மேல் அர்ஜுனின் டரட்டை வைத்தார்கள். கர்ணன் என்றும் ஒரு பெயர் உண்டு. மகாபாரதம் தெரிந்தவர்களுக்கு அர்ஜுனன், கர்ணன் சொந்தம் புரியும்.

யோசனை தெளிவானது. டி-72-இன் சின்ன உடம்பு, அர்ஜுனின் 120 மி.மீ. துப்பாக்கியும் குறிபார்க்கும் கருவிகளும், 1000 எச்.பி. எஞ்சின், எடை சுமார் 47 டன். கணக்குப் போட்டால் டன்னுக்கு 21.3 எச்.பி. காகிதத்தில் அழகு. ஆனால் ராணுவம் ஏற்கவில்லை. முன்மாதிரியோடு நின்றுவிட்டது.

இதைத் தோல்வி என்று தள்ளிவிடாமல் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நல்ல பாதிகளைச் சேர்த்தால் ஒரு நல்ல முழுசு வந்துவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. 41.5 டன்னுக்கு டிசைன் செய்த ஹல்லின் சஸ்பென்ஷன், டரட் வளையம், எடை மையம் எல்லாம் அதன் சொந்த டரட்டை மனசில் வைத்துச் செய்தவை. மேலே வேறு தலையை வைத்தால் கீழே உள்ள ஒவ்வொரு கணக்கையும் மறுபடி போடணும். பழைய பைக்கில் பெரிய எஞ்சின் மாட்டிப் பார்த்த நண்பர்கள் யாராவது உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

முப்பது வருஷக் கணக்கு

1995-இல் ஆய்வுத் திட்டம் முடிந்தபோது செலவு 305.60 கோடி. 2000-இல் ராணுவம் 124 டேங்குகளுக்கு ஆர்டர் தந்தது. 2004-இல் முதல் தொகுதி கைக்கு வந்தது. 1974-இலிருந்து எண்ணினால் சரியாக 30 வருஷம். பிறகும் நிம்மதி இல்லை. 2007-08-இல் நடந்த நீண்ட சோதனைகளில் கியர்பாக்ஸ் பழுதாகிப் பெரிய சர்ச்சை ஆனது. 2009-இல் முதல் முழு ரெஜிமென்ட் அமைந்தது. 2010-இல் ராஜஸ்தானில் ரஷ்ய டி-90 உடன் ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. அதில் அர்ஜுன் நன்றாகச் செய்ததாகச் செய்திகள் வந்தன. மேலும் 124 வாங்க ஒப்புதலும் கிடைத்தது.

ஆனால் அந்த அடுத்த தொகுதிக்குப் புதிய தேவைப் பட்டியல் வந்தது. மொத்தம் 72 மாற்றங்கள். கூடுதல் கவசம், கமாண்டருக்கு இரவுப் பார்வைக் கருவி, எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரம் எடுக்கத் தனி ஜெனரேட்டர், இன்னும் நிறைய. விளைவு அர்ஜுன் மார்க் 1ஏ, எடை சுமார் 68 டன். எஞ்சின் அதே 1400 எச்.பி.

1400 ÷ 68 = 20.6

23.9 இப்போது 20.6 ஆகிவிட்டது. இதை வேறு மாதிரியும் பார்க்கலாம். மணலில் உருளல் எதிர்ப்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வச்சுக்குவோம், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 8.33 மீட்டர். தேவைப்படும் திறன்:

58.5 டன்னுக்கு: 58,500 × 9.81 × 0.1 × 8.33 = சுமார் 478 கிலோவாட் = 641 எச்.பி.
68 டன்னுக்கு: இதே முறையில் சுமார் 745 எச்.பி.

கூடின 9.5 டன்னுக்கு, அந்த வேகத்தில் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் 100 எச்.பி. வாடகை கட்டணும். ராஜஸ்தான் வெயிலில் அந்தக் கூடுதல் சூட்டையும் ரேடியேட்டர் வெளியே தள்ளணும். மயிலிறகு வண்டிக் குறளை ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, எப்பவோ மனப்பாடம் பண்ணியிருப்போம். வள்ளுவர் அச்சைத்தான் சொன்னார். கியர்பாக்ஸுக்கும் அது பொருந்தும்.

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் மார்க் 1ஏ ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் 118 டேங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்குக் கிடைத்தது.

அடுத்து என்ன?

இரண்டு திசையில் வேலை நடக்கிறது. ஒன்று, எடைக்கு ஏற்ற எஞ்சின். 2024 மார்ச் 20 அன்று மைசூரில் உள்ள பி.இ.எம்.எல். ஆலையில் 1500 எச்.பி. உள்நாட்டு எஞ்சினை முதன்முதலாகச் சோதனைக்கு இயக்கினார்கள். 1970களில் எட்டாமல் போன அதே எண். 68 டன் டேங்கில் வைத்தால் டன்னுக்கு 22 எச்.பி.

இன்னொன்று, எடையையே கேள்வி கேட்பது. 2020-இல் லடாக்கில் பதற்றம் வந்தபோது 40 டன்னுக்கு மேற்பட்ட டேங்குகளை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கே காற்று மெலிசு, எஞ்சினின் திறனும் குறையும். அந்த அனுபவத்திலிருந்து வந்தது ஜோராவர் என்ற இலகு டேங்க். இதுவும் சி.வி.ஆர்.டி.இ. டிசைன்தான், கூடச் செய்தது எல் அண்ட் டி. எடை 25 டன், எஞ்சின் சுமார் 750 எச்.பி., துப்பாக்கி 105 மி.மீ. டன்னுக்கு 30 எச்.பி. 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். கவசம் அர்ஜுன் அளவுக்கு இருக்காது. அதைத் தெரிந்தேதான் முதல் நாளே 25 டன் என்று கோடு கிழித்தார்கள்.

1972-இல் 105 மி.மீ. துப்பாக்கியோடு ஆரம்பித்த யோசனை, 120-க்குப் போய், வேறொரு வேலைக்காக மறுபடி 105-க்கு வந்து நிற்கிறது. வேலையை முதலில் எழுது, எடையை அடுத்து எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

எங்க வண்டிக்கு என்ன ஆச்சு?

இதைச் சொல்லாமல் முடித்தால் ஏமாற்றினது மாதிரி ஆகிவிடும். எங்கள் டீம் செய்தது மேடு பள்ளத்தில் ஓடுகிற ஒற்றை ஆள் வண்டி. எஞ்சின் 10 எச்.பி. முதல் நாள் வெள்ளைப் பலகையில் எழுதின எடை 170 கிலோ. முடிவில் தராசு காட்டினது 228.

யாரும் தப்பு செய்யவில்லை. வெல்டிங் பார்த்தவன் பாதுகாப்புக்காகத் தடித்த குழாய் போட்டான். சஸ்பென்ஷன் பார்த்தவள், குழாய் தடிமனானதால் ஸ்பிரிங்கை மாற்றினாள். நான் அடியில் பாதுகாப்புத் தகடு வைத்தேன், அலுமினியம் கிடைக்காமல் இரும்பில். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. 65 கிலோ டிரைவரையும் சேர்த்தால் டன்னுக்கு 42.6 எச்.பி. இருக்க வேண்டியது 34.1 ஆனது. ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஏற்றத்தில் பாதி வழியில் நின்றோம். கிளட்ச் வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு பாகமும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் தராசில் ஏறணும். நோட்டில் நாலு பத்தி: பாகம், திட்ட எடை, நிஜ எடை, கூடியது யாரைக் கேட்டு. அந்த நாலாவது பத்தியை நிரப்பும்போதுதான் சண்டை வரும். சண்டை அந்த இடத்திலேயே வரணும், மேட்டில் இல்லை. இப்போது 196-க்கு வந்திருக்கிறோம். இன்னும் 26 கிலோ பாக்கி.

படிக்கிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மார்க் 1ஏ-வின் டிராக் தரையில் படும் பரப்பு பழைய அர்ஜுன் அளவேதான் என்று வைத்துக்கொண்டு, 68 டன்னுக்குத் தரையழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். அதை 0.84-க்கே திரும்பக் கொண்டுவர டிராக்கை எவ்வளவு அகலமாக்கணும்? அகலமாக்கினால் ரயில் கேட்கிற நாலாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? விடையை மெக்கானிக்கல் பிளாக் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். தப்பா இருந்தாலும் பரவாயில்லை, கணக்கு போட்ட வழி தெரியணும்.

ஏ.எஃப்.டி. கேட்டில் மறுபடி நின்றால் பக்கத்து லாரி டிரைவரிடம் பேச்சுக் கொடுங்கள். ரயில் வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகும்.